அணிசெய்த மடிக்கணினியும் தொலைந்துபோகும் "நாங்க"வும்

ஆய்வுப் பதிவு கிடைத்த முதல் மாதத்தில் முனைவர்பட்ட மாணவர் செய்யும் வேலைகளில், மடிக்கணினியை அணிசெய்வது இன்று முதலிடம் பிடித்துவிட்டது. தேவ்நார் விடுதி அறையானாலும் கலீனா வளாக நூலகமானாலும் காட்சி ஒன்றுதான். இருள்நிறத் திரை, அதற்குப் பொருத்தமான எழுத்துரு, குறிப்புகளைப் புள்ளிகளும் கோடுகளுமாகக் காட்டும் வரைபடம், யாரோ விற்கும் வார்ப்புரு, அதை நிறுவக் கற்றுத்தரும் நீண்ட காணொளி. "இரண்டாம் மூளை" என்று இதற்கு ஒரு பெயரும் உண்டு. முதல் மூளைக்கு இன்னும் வேலை தொடங்கவில்லை என்பது வேறு செய்தி.

அதே கணினியில் தமிழில் ஒரு பத்தி தட்டச்சு செய்யச் சொன்னால் நடப்பதைக் கவனிக்க வேண்டும். மாணவர் கைபேசியை எடுக்கிறார். வாட்ஸாப்பில் தமிழில் தட்டித் தமக்கே அனுப்பிக்கொள்கிறார். பிறகு அதைக் கணினியில் திறந்து, நகலெடுத்து ஒட்டுகிறார். அல்லது அந்தச் சிரமமும் வேண்டாம் என்று ஆங்கிலத்தில் எழுதிவிடுகிறார். தாராவியில் தமிழில் கேட்டது, மாட்டுங்காவில் தமிழில் கேட்டது, செம்பூரில் தமிழில் கேட்டது எல்லாம் குறிப்பேட்டில் நுழையும்போதே மொழி மாறிவிடுகின்றன. கணினியில் தனக்கேற்றபடி அமைக்கக்கூடிய அனைத்தையும் அமைத்தவர், தான் ஆராயும் மக்களின் மொழிக்கு மட்டும் அதில் இடம் அமைக்கவில்லை.

இப்பதிவு மறுப்பது இந்தப் பழக்கத்தைத்தான். குறிப்பெடுக்கும் கருவியைத் தேர்வது சுவை சார்ந்த விருப்பமன்று. அது ஆய்வுமுறை சார்ந்த முடிவு. அந்த முடிவுக்கு மூன்று கேள்விகள் போதும். குறிப்பு எந்த மொழியில் நிற்கும்? எத்தனை ஆண்டு வாழும்? யாருடைய காவலில் இருக்கும்? இம்மூன்றுக்கும் விடை சொல்லாத கருவி எத்தனை அழகாக இருந்தாலும் ஆய்வாளருக்கு உதவாது.

1. மொழி

தமிழில் தன்மைப் பன்மை இரண்டு. கேட்பவரை விலக்கியது "நாங்கள்". கேட்பவரையும் உட்படுத்தியது "நாம்". பேச்சில் இவை "நாங்க", "நாம" என்றும், உடைமையில் "எங்க", "நம்ம" என்றும் வரும். மராத்தியிலும் "ஆம்ஹீ", "ஆபண்" என இந்த வேறுபாடு உண்டு. இந்தியின் "ஹம்" இதைக் காட்டுவதில்லை; ஆங்கிலமும் காட்டுவதில்லை.

மும்பைத் தமிழரிடையே களப்பணி செய்பவருக்கு இதைவிட முக்கியமான தரவு அரிது. மாட்டுங்காவில் ஒரு முதியவர் ஆய்வாளரிடம் "நம்ம ஆளுங்க அப்போவே இங்க வந்துட்டாங்க" என்று சொல்வதாக வைத்துக்கொள்ளலாம். தாராவியில் இன்னொருவர் "எங்க ஆளுங்க அப்போவே வந்துட்டாங்க" என்கிறார். முதலாமவர் ஆய்வாளரின் சாதியை ஊகித்துத் தம்மோடு சேர்த்துக்கொண்டிருக்கலாம். இரண்டாமவர் அதே ஊகத்தால் விலக்கியிருக்கலாம். அல்லது தமிழர் என்ற பொதுமையைச் சுட்டியிருக்கலாம். எது என்பதை முடிவுசெய்வதுதான் ஆய்வு. ஆங்கிலக் குறிப்பிலோ இரண்டும் ஒரே சொல்லாகிவிடும். ஓராண்டு கழித்து அத்தியாயம் எழுத உட்காரும் மாணவர், தம் குறிப்பிலிருந்தே அந்த வேறுபாட்டை மீட்க முடியாது. ஒலிப்பதிவு இருந்தால் தப்பிக்கலாம். ஆனால் தாராவியில் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்தவுடன் பேச்சு நின்றுபோகும் வீடுகள் பல.

பொருளியல் சொற்களிலும் இதே இழப்பு உண்டு. "கோலிய ஹெவி டெபாசிட்டுக்குக் குடுத்திருக்கோம்" என்பது மும்பைத் தமிழ்ப் பேச்சில் இயல்பான வாக்கியம். கோலி என்பது மராத்தி, இந்தி வழி வந்த சொல். ஓர் அறைக் குடியிருப்பு. ஹெவி டெபாசிட் என்பது பெருந்தொகை ஒன்றை முன்பணமாகப் பெற்று, மாத வாடகை இல்லாமலோ குறைத்தோ வீட்டைத் தருவது. தமிழ்நாட்டின் ஒத்திக்கு அது நெருங்கிய உறவு, வாடகை அன்று. ஆங்கிலத்தில் "வாடகைக்கு விட்டிருக்கிறார்" என்று எழுதிய கணத்தில், அந்தக் குடும்பத்தின் கடன், சேமிப்பு, உரிமை ஆகியவை பற்றிய செய்தி அழிந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பு ஆய்வின் கடைசிக் கட்டத்தில் நிகழ வேண்டியது. குறிப்பெடுக்கும்போதே நிகழ்ந்தால், மூலம் இல்லாத மொழிபெயர்ப்புதான் மிஞ்சும்.

ஆகவே மடிக்கணினியைத் தனக்கேற்ப அமைப்பதில் முதல் வேலை விசைப்பலகை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையைத் தரமாக ஏற்றது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இன்று அது உள்ளமைந்தே வருகிறது. எதையும் வாங்க வேண்டியதில்லை. உயிர்கள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம். ஒரே மெய் இரட்டிக்கும்போதும், மெல்லினத்தை அதன் இன வல்லினம் தொடரும்போதும் புள்ளி தானாக விழும். "அம்மா" நான்கு விசை. "தங்கம்" ஐந்து விசை. அதே "தங்கம்" என்பதை ஆங்கில எழுத்துவழி எழுத ஏழு விசை வேண்டும்.

வேகம் இங்கே இரண்டாம் காரணமே. ஆங்கில எழுத்துவழி ஊகித்துத் தட்டச்சும் முறைகளில் ந, ன, ண மூன்றும், ல, ள, ழ மூன்றும் ஓரிரு ஆங்கில எழுத்துகளின் கீழ் அடங்கிவிடுகின்றன. எது வேண்டும் என்பதைச் செயலியின் அகராதி ஊகிக்கிறது. அகராதியில் உள்ள சொல் தடையின்றி வரும். வட்டார வடிவமோ அகராதி அறிந்த வேறொரு சொல்லாகத் திருத்தப்படும். நெல்லைப் பேச்சும் மராத்தியும் இந்தியும் கலந்த தாராவித் தமிழை எழுதும்போது இந்தத் திருத்தம் உதவியன்று, தரவுச் சிதைவு. தமிழ்99 எதையும் ஊகிப்பதில்லை. அடித்த விசைக்குரிய எழுத்தையே தருகிறது. மொழியியல் மாணவர் அதைப் பழக ஒரு வாரம் ஒதுக்கத் தயங்குகிறார்; வார்ப்புருவை வண்ணமிட ஒரு மாதம் செலவிடுகிறார்.

இரண்டாவது, தேடல். செயலிகளின் விளம்பரமெல்லாம் தேடலைப் பற்றியே. தமிழில் அது எப்படி நடக்கிறது என்று சோதித்தவர் குறைவு. "செம்பூர்" என்று தேடினால் "செம்பூரில்" என்ற சொல் அகப்படாது. கணினியின் பார்வையில் முன்னதன் இறுதியில் ரகரத்தை அடுத்துப் புள்ளி இருக்கிறது. பின்னதில் அதே இடத்தில் இகரக் குறி இருக்கிறது. "வீடு" என்று தேடினால் "வீட்டை" வராது. உகரக் குறி நின்ற இடத்தில் புள்ளி வந்துவிட்டது. ஆங்கிலத்துக்கு வேர்ச்சொல் பிரிக்கும் செயலிகள் பல தமிழுக்கு அதைச் செய்வதில்லை. தீர்வு எளியது: "செம்பூர" என்றும் "வீட" என்றும் ஈற்றைத் திறந்துவைத்துத் தேடினால், எழுத்துக்குறிகளை வரிசையாக ஒப்பிடும் எந்தக் கருவியும் இரு வடிவங்களையும் தரும். "வா" என்ற வினை "வந்தார்", "வருகிறார்" என வேரே மாறும் இடங்களில் இதுவும் போதாது. அங்கே அகராதி வடிவத்தில் ஒரு குறிச்சொல்லைக் குறிப்பின் கீழ் எழுதிவைப்பதே வழி.

இன்னும் சில நுணுக்கங்கள் உண்டு. "கொ" என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று; இயல்பாக்கம் செய்யாத செயலிக்கு இரண்டும் வேறு. "கௌ" என்பதன் ஈற்றில் ளகரத்தை இட்டு எழுதியிருந்தால் அது வேறு சொல். "ஸ்ரீ"க்கு இரு குறியீட்டு வரிசைகள் உண்டு. யுனிகோடு அட்டவணை வரிசையை அப்படியே பின்பற்றும் செயலியில் னகரம் நகரத்தின் பின்னும், றகரம் ரகரத்தின் பின்னும் வந்து, தமிழ் அகரவரிசை குலையும். இவற்றைச் சோதிக்கப் பத்து நிமிடம் போதும். பல்லாயிரம் குறிப்புகளை ஒரு செயலியில் கொட்டும் முன் அந்தப் பத்து நிமிடத்தைச் செலவிடாதவர், கருவியைத் தேர்ந்தவர் அல்லர்; கருவியால் தேரப்பட்டவர்.

2. ஆயுள்

தமிழுலகம் ஏற்கெனவே ஒருமுறை தன் குறிப்புகளைத் தொலைத்திருக்கிறது. அந்த வரலாற்றை இன்றைய மாணவர் அறியாததே இன்றைய மோகத்துக்குக் காரணம்.

1991இல் யுனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆனால் அதை மேசைக்கணினியில் எழுதவும் படிக்கவும் வசதி பரவலாக வந்தது விண்டோஸ் 2000, எக்ஸ்பி ஆகியவற்றுக்குப் பிறகே. இடைப்பட்ட காலத்தில் ஒவ்வோர் அச்சகத்துக்கும் ஒவ்வோர் எழுத்துரு, ஒவ்வொரு குறியேற்றம். பாமினி, தகுதரம் எனப்பட்ட டிஸ்கி, 1999இல் அரசு ஏற்ற டாம், டாப் என நீளும் பட்டியல். பாமினியில் "தமிழ்" என்று எழுதினால் கணினி சேமிப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். எழுத்துரு இருக்கும்வரை அது தமிழ். எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற கிறுக்கல்.

மாற்றிகள் இருக்கின்றனவே என்பர். இருக்கின்றன. ஆனால் ஆய்வுக் குறிப்பு தமிழும் ஆங்கிலமும் கலந்தது. பாமினி போன்ற பழைய குறியேற்றத்தில் இரண்டும் ஒரே குறியீடுகளைப் பங்கிட்டுக்கொண்டவை. எது தமிழ், எது ஆங்கிலம் என்று காட்டியது எழுத்துரு மட்டுமே. வெற்று உரையாக எடுத்தவுடன் அந்த எல்லை அழிகிறது. மாற்றி ஆங்கிலச் சொல்லையும் தமிழ் எழுத்துக் குப்பையாக மாற்றுகிறது. 1990களில் இவ்வாறு தட்டச்சிய ஆய்வேட்டின் மென்நகல் யாரிடமாவது இருந்தாலும், மேற்கோளையும் மூலத்தையும் பிரித்தறிய ஒவ்வொரு வரியாகக் கையால்தான் திருத்த வேண்டும். 2010 கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு யுனிகோடைத் தரமாக அறிவித்தபோது, இரு பதிற்றாண்டு உழைப்பு சிதறிக் கிடந்தது.

அன்று எழுத்துரு செய்ததை இன்று செயலி செய்கிறது. எல்லாவற்றையும் நினைவில் வைக்கும் யானையைச் சின்னமாகக் கொண்டு 2008இல் வந்த எவர்நோட், 2022இல் இத்தாலிய நிறுவனம் ஒன்றுக்குக் கைமாறுவதாக அறிவித்தது. 2023 டிசம்பரில் கட்டணமில்லாப் பயனருக்கு 50 குறிப்பு, ஒரு குறிப்பேடு என்று வரம்பு வந்தது. கூகுள் நோட்புக் 2006இல் பிறந்து 2012இல் மூடப்பட்டது. விண்டோஸ் ஜர்னல் என்ற கையெழுத்துக் குறிப்புச் செயலியை 2016இல் மைக்ரோசாஃப்ட் தன் இயங்குதளத்திலிருந்தே நீக்கியது. ஆய்வாளருக்கு மிக நெருக்கமானது மென்டெலியின் கதை. 2013இல் எல்செவியர் அதை வாங்கியது. 2018இல் வந்த பதிப்பு, பயனரின் சொந்தக் கணினியில் இருந்த தரவுத்தளத்தையே மறையாக்கம் செய்தது. காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றுதான்: அதுவரை சோட்டெரோ போன்ற பிற கருவிகளால் நேரடியாகப் படிக்க முடிந்த கோப்பு, பிறகு அவ்வாறு படிக்க முடியாததாயிற்று. மாணவர் திரட்டிய நூற்பட்டியல் அவருடைய கணினியிலேயே இருந்தது. திறவுகோல் அவரிடம் இல்லை.

"இரண்டாம் மூளை" பரப்புரையாளர் அடிக்கடி மேற்கோள் காட்டும் பெயர் நிக்லாஸ் லூமன். அந்த ஜெர்மானியச் சமூகவியலாளரின் சீட்டுப்பெட்டியில் ஏறத்தாழ 90,000 சீட்டுகள் இருந்தன. அவர் 1998இல் மறைந்தார். சீட்டுகள் இன்று பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன, படிக்க முடிகிறது. லூமனின் வெற்றி இணைப்புக் கோடுகளால் வந்தது என்று காணொளிகள் சொல்கின்றன. அவர் தம் எண்ணங்களைத் தம் சொற்களில் சீட்டுகளில் எழுதினார் என்பதும், சீட்டுக்கு உரிமச் சந்தா இல்லை என்பதும் காணொளிகளில் வருவதில்லை. அவ்வளவு தொலைவு போகவும் வேண்டியதில்லை. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன், ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களை எந்தச் செயலியும் இல்லாமல் தொகுத்தது. அகரவரிசையும் மேற்கோள் ஒழுங்கும் பதிப்பாளரின் பொறுமையும்தான் அதன் மென்பொருள்.

ஒரு குறிப்பு முப்பதாண்டு வாழ வேண்டுமானால், அது வெற்று உரைக்கோப்பாக, யுனிகோடில், ஆய்வாளரின் சொந்தக் கோப்புறையில் இருக்க வேண்டும். 2004இல் வந்த மார்க்டவுன் தலைப்பு, பட்டியல், இணைப்பு ஆகியவற்றை வெற்று உரையிலேயே குறிக்கும் எளிய மரபு. அப்சிடியன் போன்ற செயலிகள் அந்தக் கோப்புகளை அப்படியே வட்டில் வைக்கின்றன. செயலி நாளை மறைந்தாலும் நோட்பேடில் திறக்கலாம். மொழியியலாளரின் கருவிகள் இவ்வகையில் முன்மாதிரி. பிராட் தன் குறியீட்டு அடுக்குகளை உரைக்கோப்பாகவே சேமிக்கிறது. எலான் எக்ஸ்எம்எல் கோப்பாகச் சேமிக்கிறது. இரண்டையும் உருவாக்கியவர்கள் ஆய்வாளர்கள். தரவு கருவியைவிட நீண்டகாலம் வாழ வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

3. காவல்

மூன்றாம் கேள்வி மும்பையில் வெறும் கோட்பாடு அன்று. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கான வீடுதோறும் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே கீழ்த்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின் வந்தவருக்கும் மேல்தளத்தில் இருப்பவருக்கும் விதி வேறு, இடமும் தாராவிக்கு வெளியே. ஆக ஒரு குடும்பத்தின் எதிர்காலம் சில கேள்விகளில் தங்கியிருக்கிறது: எந்த ஆண்டு வந்தீர்கள், கீழா மேலா, சொந்தமா வாடகையா, சான்று என்ன.

களப்பணியாளரின் குறிப்பேட்டைத் திறந்தால் அதில் இருப்பதும் இவையே. புலம்பெயர்வு ஆய்வில் வந்த ஆண்டு முதல் கேள்வி. குடியிருப்பு ஆய்வில் கோலியின் உரிமை முதல் கேள்வி. ஒரு மூதாட்டி நம்பிக்கையோடு சொன்ன "நாங்க 2003ல தான் வந்தோம்" என்ற ஒற்றை வரி, பெயரோடும் சந்தோடும் சேர்ந்து எங்கோ ஒரு வழங்கியில் கிடக்கிறது. அது கிடக்கும் கோப்புறை "இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்" என்ற அமைப்பில், குழுவிலிருந்து விலகிய மூன்று பேருக்கும் திறந்தே இருக்கிறது. எந்த நிறுவனமும் தீங்கு நினைக்க வேண்டியதில்லை. ஒருவரின் அலட்சியம் போதும். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஆய்வுக்கு விலக்கு அளிக்கிறது. சட்டம் தரும் விலக்கு மனசாட்சிக்கும் செல்லும் என்று கருதுபவர் களத்துக்குப் போகாதிருப்பது நல்லது.

நிறுவன நெறிக் குழுக்கள் ஒப்புதல் படிவத்தைக் கேட்கின்றன. கையொப்பம் இருக்கிறதா, மொழிபெயர்ப்பு இருக்கிறதா என்று பார்க்கின்றன. குறிப்பு எந்தச் செயலியில் இருக்கும், பெயர்ப்பட்டியல் எங்கே இருக்கும், மடிக்கணினி தொலைந்தால் என்ன ஆகும் என்ற கேள்விகளும் அப்படிவத்தின் பகுதியாக வேண்டும். அவை கேட்கப்படாத வரை, பேச்சு கொடுத்தவரின் ஒப்புதல் பாதி ஒப்புதலே.

காவலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மித்தி ஆற்றை ஒட்டிய தாழ்நிலங்களில் வீடுகளும் ஆவணங்களும் நீரில் மூழ்கின. ஒரே இடத்தில் இருக்கும் எதுவும், தாளானாலும் வட்டானாலும், மும்பையில் பாதுகாப்பானதன்று. மடிக்கணினிப் பையிலேயே வெளிவட்டையும் வைத்திருப்பவரிடம் இரண்டு நகல் இருப்பதாகச் சொல்ல முடியாது.

எதிர்வாதங்கள்

கருவி கருவிதான், சிந்தனையே முக்கியம் என்று சில நெறியாளர்கள் சொல்வர். சிந்தனைக்கு முன் தரவு வேண்டும். தரவு "நாங்க"வையும் "நம்ம"வையும் பிரித்துக்காட்ட வேண்டும். பிரிக்காத குறிப்பின்மேல் எழுப்பும் சிந்தனை, ஆய்வாளரின் ஊகத்தையே திருப்பிக் காட்டும்.

தாள் குறிப்பேடு போதும் என்பது அடுத்த வாதம். களத்தில் தாளே சிறந்தது. பேசுபவரின் முகத்தைத் திரை மறைப்பதில்லை. 2014இல் வந்த முல்லர், ஓப்பன்ஹைமர் ஆய்வைக் காட்டிக் கையெழுத்தே நினைவுக்கு நல்லது என்பாரும் உண்டு. 2021இல் அதை மீளச் செய்துபார்த்த ஆய்வாளர் குழு அந்தப் பயனைக் காணவில்லை. நினைவு எப்படியாயினும், ஐந்தாண்டுக் களப்பணியில் "டெபாசிட்" என்ற சொல் எங்கெல்லாம் வந்தது என்று தாளில் தேட முடியாது. தாளில் எழுதுவதும் அன்றிரவே கணினியில் ஏற்றுவதும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல.

வெற்று உரை என்பது கணினிப் பித்தர்களின் துறவறம் என்ற ஏளனமும் உண்டு. உண்மை நேர்மாறு. துணைநிரல்களை அடுக்கி, பதிப்பு மாறும்தோறும் பழுதுபார்த்து, சந்தா கட்டி, வடிவமைப்பை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் பித்து. செம்பூரில் ஏறி வடாலாவில் மாறி கிங்ஸ் சர்க்கிளில் இறங்குவதற்குள், வலையிணைப்பு வந்து வந்து போகும் பெட்டியில், உரைக்கோப்பு திறக்கும். வழங்கியை நம்பிய செயலி சுழன்றுகொண்டிருக்கும்.

தானியங்கிக் கருவி ஒலிப்பதிவை எழுத்தாக்கித் தருமே என்பது புதிய வாதம். தரும். அதைச் சொந்தக் கணினியிலேயே இயக்கும் வழிகளும் வந்துவிட்டன. ஆனால் ஒப்புதல் பெறாமல் ஒரு குரலை அயல் வழங்கிக்கு ஏற்றுவது, சொன்னவரைக் கேட்காமல் அவர் பேச்சை மூன்றாமவரிடம் ஒப்படைப்பதாகும். எழுத்தாக்கிய வடிவத்தை ஒலியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்காதவர், இயந்திரத்தின் தமிழை ஆராய்கிறார். தாராவியின் தமிழை அன்று.

செய்யத்தக்கவை

புதிய ஆய்வு மாணவருக்கு விலையுயர்ந்த கணினி தேவையில்லை. தமிழ்99 விசைப்பலகையை இயக்கி, அதை ஒரு வாரம் பழக வேண்டும். நோட்டோ போன்ற கட்டற்ற தமிழ் யுனிகோடு எழுத்துரு ஒன்று போதும். குறிப்பு ஒவ்வொன்றும் ஒரு மார்க்டவுன் கோப்பு. கோப்பின் பெயர் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்ணில் தொடங்கினால் அகரவரிசைச் சிக்கல் எழாது. பேசியவரின் சொல் பேச்சுத் தமிழிலேயே, தனி வரியில். ஆய்வாளரின் விளக்கம் அதன் கீழ், எந்த மொழியிலும். நூற்பட்டியலுக்குச் சோட்டெரோ. உண்மைப் பெயரும் மாற்றுப்பெயரும் கொண்ட பட்டியல் தனிக் கோப்பாக, மறையாக்கம் செய்து, குறிப்புகளோடு சேராமல் இருக்க வேண்டும். வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்யும் வசதி பெரும்பாலான புதிய கணினிகளில் உண்டு. அதை இயக்கினால் போதும். காப்புநகல் வேறொரு கட்டடத்தில் இருக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை, தம் செயலி எதுவும் நிறுவப்படாத வேறொரு கணினியில் நகலைத் திறந்து பார்க்க வேண்டும். திறக்காத நகலை நகலாகக் கணக்கிட முடியாது.

துறைகளுக்கும் கடமை உண்டு. முனைவர்பட்ட மாணவர் ஆய்வுமுறைப் பாடத்தில் கருத்துத்திருட்டுச் சோதனை மென்பொருளை அறிந்துகொள்கிறார். தமிழ் உள்ளீடு, குறியேற்றம், தரவுக் காவல் ஆகியவற்றுக்கு இரண்டு வகுப்பு ஒதுக்கினால் பாடத்திட்டம் குலைந்துவிடாது. தமிழரைப் பற்றிய ஆய்வு நடக்கும் மும்பை நிறுவனங்களில், தமிழ்க் களக்குறிப்பைப் படிக்கத் தெரிந்த ஒருவராவது ஆய்வுக் குழுவில் இருக்க வேண்டும் என்று கேட்பதும் மிகை அன்று.

தாராவியின் சந்துகள் சில ஆண்டுகளில் இன்றிருப்பதுபோல் இரா. அங்கே எந்தச் சொல் எப்படி வழங்கியது, யார் யாரை "நம்ம" என்றார்கள், யாரை விலக்கி "நாங்க" என்றார்கள் என்பதற்கு இன்று எடுக்கப்படும் குறிப்புகளே பெரும்பாலும் சான்றாக நிற்கும். அந்தச் சான்று மக்கள் பேசிய மொழியில் இருக்க வேண்டும். முப்பதாண்டுக்குப் பின்னும் திறக்க வேண்டும். சொன்னவருக்கு எதிராகத் திரும்பாதிருக்க வேண்டும். திரையின் நிறத்தை அதற்குப் பிறகு தேர்ந்துகொள்ளலாம்.